பெரிய முப்பதாம் நாள்: சீன விடுமுறைப் பட்டியலில் வந்து போன ஒரு நாளின் கதை

2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. சீனர்களின் பழைய பஞ்சாங்கப்படி அது ஆண்டின் கடைசி நாள். அன்று இரவு குடும்பம் மொத்தமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு ஆண்டு முழுக்க வெளியூரில் உழைப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் சட்டப்படி அந்த வெள்ளிக்கிழமை வேலைநாள். அரசின் விடுமுறை அறிவிப்பில் ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தார்கள்: சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு போன்ற ஏற்பாடுகளைப் பயன்படுத்தி அன்று ஊழியர்களுக்கு ஓய்வு தரும்படி நிறுவனங்கள் ஊக்குவிக்கப்படுகின்றன. கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை வரை ஆபீசில் இருந்துவிட்டு, ராத்திரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். ஆனாலும் நமக்கு எண்ணெய்க் குளியல் விடிகாலையில்தான். எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம். அவர்களுக்கு முந்தின இரவுதான் விழாவே. அந்த இரவைத் தவறவிட்டால் மறுநாள் போய் இறங்குவதில் பாதி அர்த்தம் போய்விடும்.

அந்த நாளுக்கு ஏட்டில் ‘ச்சூஷி’ என்று பெயர். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வது குறைவு. ஆண்டின் ‘பெரிய முப்பது’ என்பார்கள். அரசின் பொது விடுமுறைப் பட்டியலுக்குள் இந்த நாள் 2008இல் வந்தது, 2014இல் வெளியே போனது, 2025இல் திரும்பி வந்தது. ஒரு நாள் விடுமுறைதானே என்று தோன்றலாம். ஆனால் மக்கள் மனதில் வைத்திருக்கும் நாட்காட்டிக்கும் அரசு கையில் வைத்திருக்கும் நாட்காட்டிக்கும் இடையே சீனாவில் நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கும் இழுபறி முழுவதும் இந்த ஒரு நாளுக்குள் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் அந்த இரவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வட சீனாவில் ஒரு வீட்டு அடுப்படி. கோதுமை மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பன்றி இறைச்சியையும் முட்டைக்கோஸையும் பொடியாகக் கொத்தி, இஞ்சி, சோயா சாறு, நல்லெண்ணெய் சேர்த்துக் கலந்த பூரணம் ஒரு பெரிய கிண்ணத்தில் இருக்கிறது. ஒருவர் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கிள்ளிப் போட, இன்னொருவர் சின்ன உருளைக்கட்டையால் வட்டமாகத் தேய்க்கிறார். நடுவில் கொஞ்சம் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் வர வேண்டும். நடுப்பகுதி பூரணத்தைத் தாங்கும், ஓரம் மடித்து ஒட்டும்போது கட்டி தட்டாது. பூரணத்தை வைத்து அரைவட்டமாக மடித்து விளிம்பை அழுத்தினால், பார்ப்பதற்கு நம் சோமாசி மாதிரியே இருக்கும். எண்ணெயில் போடாமல் கொதிக்கும் தண்ணீரில் வேக வைப்பார்கள். இதுதான் ஜியாவ்ஸ். பழைய காலத்து வெள்ளிக் கட்டியின் வடிவம் என்பதால் இது செல்வத்தின் அடையாளம். ஏதாவது ஒன்றில் சுத்தமாகக் கழுவிய காசு ஒன்றை ஒளித்து வைப்பதும் உண்டு. அது யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்கு அந்த ஆண்டு யோகம்.

தெற்கே போனால் ஜியாவ்ஸுக்குப் பதிலாகப் பசையரிசி மாவில் செய்த ‘நியன்காவ்’ என்னும் பணியாரம். மேசையில் முழு மீன் ஒன்று பல ஊர்களிலும் இருக்கும். மீன் என்ற சொல்லும் மிச்சம் என்ற சொல்லும் சீனத்தில் ஒரே ஒலி. அதனால் மீனை முழுசாகத் தின்று தீர்க்காமல் கொஞ்சம் மறுநாளைக்கு வைப்பார்கள், அடுத்த ஆண்டும் மிச்சம் இருக்கட்டும் என்று.

இதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் வேலை தொடங்கியிருக்கும். கடைசி மாதத்தின் 23ஆம் நாள், தெற்கே 24ஆம் நாள், அடுப்படித் தெய்வம் வானுலகுக்குப் போய் அந்த வீட்டைப் பற்றி அறிக்கை கொடுக்கும் நாள். போகும் முன் அவருக்கு ஒட்டும் இனிப்பு மிட்டாய் படைப்பார்கள், வாய் இனித்து நல்லதாக நாலு வார்த்தை சொல்லட்டும் என்று. அப்புறம் ஒட்டடை அடித்து, போகிக்கு நாம் செய்வது போல வீட்டைத் துடைத்துக் கழுவுவார்கள். வாசல் இரு பக்கமும் சிவப்புத் தாளில் எழுதிய இணை வரிகளை ஒட்டுவார்கள். புத்தாண்டு பிறந்த முதல் நாளில் மட்டும் துடைப்பத்தைத் தொடக் கூடாது. வந்த அதிர்ஷ்டத்தைக் கூட்டித் தள்ளியதாகிவிடும். வட சீன வழக்கப்படி, மணமான பெண் முதல் நாள் கணவன் வீட்டில் இருந்துவிட்டு, இரண்டாம் நாள் தாய் வீடு போவாள். இந்த வழக்கம் இன்று பல இளம் தம்பதிகளுக்கு வேதனையாகிவிட்டது. ஒரு குழந்தைக் கொள்கைக் காலத்தில் பிறந்த இருவர் கல்யாணம் செய்துகொண்டால், அந்த இரவில் ஏதோ ஒரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது.

சரி, இந்த நாள் எப்படி வருகிறது? சீனர்களின் பழைய பஞ்சாங்கம் சூரியனையும் சந்திரனையும் சேர்த்துப் பிடிப்பது. அமாவாசையில் மாதம் பிறக்கும்; ஒரு மாதத்துக்கு 29 நாள் அல்லது 30 நாள். இப்படிப் 12 மாதம் போனால் 354 நாள்தான் ஆகும், பருவத்தோடு ஒட்டாது. அதனால் 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களில் வரும் அதிக மாதத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தக் கணக்கால்தான் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுச் சுழற்சி இருப்பது போல அவர்களுக்கும் 60 ஆண்டுச் சுழற்சி உண்டு. எலி, எருது, புலி என்று உலகம் முழுக்கத் தெரிந்த 12 விலங்குகள் அதன் ஒரு பகுதி.

சந்திரனை விட்டுவிட்டுச் சூரியனை மட்டும் பார்க்கும் கணக்கும் இதற்குள் இருக்கிறது. சூரியனின் ஓட்டத்தை 24 பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, விதைப்புக்கும் அறுப்புக்கும் பயன்படுத்தினார்கள். 2016இல் யுனெஸ்கோ இதை மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. கல்லறைகளைச் சுத்தம் செய்யும் ‘ச்சிங்மிங்’ நாள் இந்தச் சூரியக் கணக்கில் வருவது. அதனால் அது பெரும்பாலும் ஏப்ரல் 4 அல்லது 5இலேயே நிற்கும். நம் பொங்கல் ஜனவரியில் அசையாமல் நிற்பதும் தீபாவளி அமாவாசையைத் தேடி நகர்வதும் போன்றதே இந்த வேறுபாடு.

1912 ஜனவரி 1இல் சீனக் குடியரசு பிறந்தபோது, உலகத்தோடு ஒத்துப்போக மேற்கு நாட்காட்டிக்கு மாறினார்கள். அதுவரை ‘புத்தாண்டு’ என்றால் பழைய புத்தாண்டு ஒன்றுதான். இப்போது ஜனவரி 1 அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பழையதற்கு என்ன பெயர் வைப்பது? 1914இல் குடியரசுத் தலைவராக இருந்த யுவான் ஷிகாயின் அரசு அதற்கு ‘வசந்த விழா’ என்று பெயர் சூட்டியது. 1963 முதல் தமிழில் ஒலிபரப்பும் சீன வானொலியைக் கேட்ட நேயர்களுக்கு இந்தச் சொல் நன்றாகப் பழக்கம். கடுங்குளிரில் வரும் விழாவுக்கு ஏன் வசந்தத்தின் பெயர் என்று கேட்டால் பாதி விடை இந்தப் பெயர் மாற்றத்தில் இருக்கிறது. மீதி, வசந்தத்தின் தொடக்கம் என்று சூரியக் கணக்கு சொல்லும் நாள் பிப்ரவரி 4ஐ ஒட்டி வருவதில் இருக்கிறது.

பெயரை மாற்றியதோடு விடவில்லை. 1920களின் கடைசியில் நான்ஜிங்கில் இருந்த அரசு பழைய பஞ்சாங்கத்தையே ஒழிக்கப் பார்த்தது. பழைய நாட்காட்டியை அச்சிட்டு விற்கக் கூடாது, விழா கொண்டாடக் கூடாது, எல்லாவற்றையும் ஜனவரி 1க்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. மக்கள் மசியவில்லை. விவசாயிக்கு அறுவடை முடிந்து கை ஓய்வதும், கடைக்காரர் ஆண்டுக் கடனை வசூலித்துக் கணக்கு முடிப்பதும் பழைய ஆண்டின் முடிவில்தான். சில ஆண்டுகளிலேயே அரசு பிடியைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

1949இல் கம்யூனிஸ்ட் அரசு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23இல் முதல் விடுமுறை விதிகளை வெளியிட்டது: ஜனவரி 1க்கு ஒரு நாள், வசந்த விழாவுக்கு 3 நாள், மே 1க்கு ஒரு நாள், தேசிய நாளான அக்டோபர் 1ஐ ஒட்டி 2 நாள். ஆக மொத்தம் 7 நாள். அதில் மிகப் பெரிய பங்கைப் பழைய விழாவுக்கே கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் பழைய வழக்கங்களை ஒழிக்க மாவோ தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின் வேகத்தில் 1967இல் வசந்த விழா விடுமுறையே ரத்தானது. ‘புரட்சிகரமான வசந்த விழா’ கொண்டாடுவோம் என்று சொல்லி ஆலைகளில் வேலை நடந்தது. 1979 ஜனவரியில், வசந்த விழாவுக்கு ஏன் விடுமுறை இல்லை என்று கேட்கும் வாசகர் கடிதம் மக்கள் நாளிதழில் வந்தது. கட்சியின் சொந்த நாளிதழில் அப்படி ஒரு கேள்வி அச்சானதே பெரிய விஷயம். அதன்பின் 1980ஐ ஒட்டி விடுமுறை நாடெங்கும் மீண்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சட்டம் இல்லை என்று சொன்னபோதும் அந்த இரவுச் சாப்பாடு வீடுகளில் உயிரோடு இருந்திருக்கிறது. இல்லையென்றால் அந்தக் கடிதத்தை எழுத யார் இருந்திருப்பார்கள்?

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது பணம். 1995 மே மாதத்தில்தான் சீனாவில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓய்வு என்பது வழக்கத்துக்கு வந்தது. 1997இன் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின், மக்கள் கையில் இருக்கும் காசை உள்நாட்டிலேயே செலவழிக்க வைக்க வழி தேடினார்கள். 1999இல் மே 1, அக்டோபர் 1 இரண்டுக்கும் தலா 3 நாள் என்று விடுமுறையைக் கூட்டி, முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறுகளை நகர்த்தி ஒட்டி, ஒரேயடியாக 7 நாள் கொடுத்தார்கள். இதுதான் ‘தங்க வாரம்’. அந்த அக்டோபரில் முதல் தங்க வாரத்திலேயே 2.8 கோடிப் பேர் சுற்றுலா கிளம்பினார்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் பெருஞ்சுவரின் படிகளில் கால் வைக்க இடமில்லை, ரயிலில் நிற்க இடமில்லை.

ஓய்வைச் சந்தையை மனதில் வைத்துப் பங்கிட்டபோது பழைய விழாக்களுக்கு இடம் கிடைக்கவில்லை. டிராகன் படகுத் திருவிழா, ச்சிங்மிங், நடு இலையுதிர்காலத் திருவிழா மூன்றும் நூற்றாண்டுகளாக வாழ்ந்தவை. ஆனால் வேலைநாளில் வந்து போய்க்கொண்டிருந்தன. 2005இல் தென்கொரியாவின் காங்நுங் நகரத்து ‘தானோ’ விழாவை யுனெஸ்கோ பட்டியலிட்டது. அதுவும் பழைய பஞ்சாங்கத்தின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளை ஒட்டிய விழா. சடங்குகள் வேறு என்றாலும், நம் டிராகன் படகு விழாவை அவர்கள் கொண்டுபோய்விட்டார்களே என்று சீனாவில் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. நாட்டுப்புறவியல் அறிஞர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த கோரிக்கைக்கு அந்தக் கோபம் வலுக்கொடுத்தது. 2008இல் மூன்று விழாக்களுக்கும் தலா ஒரு நாள் விடுமுறை வந்தது. மே தினத் தங்க வாரம் ஒரு நாளாகச் சுருங்கியது. மொத்தம் 11 நாள்.

டிராகன் படகுத் திருவிழாவைப் பற்றி எழுதும்போது எனக்கு எப்போதும் ஒரு நெருக்கம் தோன்றும். வெளியுலகுக்குத் தெரிந்தது படகுப் போட்டியும், ச்சூ நாட்டு அமைச்சரும் கவிஞருமான ச்சூ யுவான் மீலுவோ ஆற்றில் மூழ்கிய கதையும்தான். அவர் உடலை மீன்கள் தின்றுவிடக் கூடாது என்று ஆற்றில் சோற்றை எறிந்தார்களாம். அதன் நினைவாக மூங்கில் இலையில் பசையரிசியைப் பொதிந்து கட்டி வேக வைக்கும் ‘ஸோங்ஸ்’ செய்கிறார்கள். ஆனால் வீட்டு வாசலைப் பாருங்கள். அன்று காலை கதவோரம் மாசிபத்திரி இனத்துச் செடியையும் வசம்பு இலையையும் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆம், அதே வசம்புதான். நம் வீடுகளில் பிள்ளைக்கு வயிறு பொருமினால் சுட்டு உரசி நாக்கில் தடவுவோம். காத்து கருப்பு அண்டாமல் இருக்கக் கையில் கோத்துக் கட்டுவோம். ராத்திரியில் பெயர் சொல்லக் கூடாது என்று ‘பேர் சொல்லாதது’ என்போம். அங்கே அதன் வாள் போன்ற இலை தீயவற்றை வெட்டும் என்று நம்பிக்கை. குழந்தைகளின் மணிக்கட்டில் ஐந்து நிறக் கயிறும் கட்டுவார்கள். ஐந்தாம் மாதம் வெக்கையும் பூச்சியும் நோயும் சேர்ந்து வரும் மாதம். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயம் ச்சூ யுவான் கதையைவிடப் பழசாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ச்சிங்மிங் அமைதியான நாள். குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கி, மண் அணைத்து, சாப்பாடும் மதுவும் படைத்து, காகிதப் பணம் எரிப்பார்கள். ஷாங்காய்ப் பக்கம் பச்சிலைச் சாறு கலந்த அரிசி மாவில் பயறு இனிப்பை வைத்துப் பச்சை உருண்டை செய்வார்கள். செத்தவர்களை நினைக்க ஒரு பொது நாள் இருந்தால் அது எதற்கெல்லாம் பயன்படும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1976 ஜனவரியில் பிரதமர் சூ என்லாய் இறந்தார். மனம் விட்டு அழ வழியில்லாமல் இருந்த மக்கள், ஏப்ரலில் ச்சிங்மிங் வந்ததும் தியானன்மென் சதுக்கத்தில் மலர்வளையங்களோடும் கவிதைகளோடும் குவிந்தார்கள். வளையங்களை அதிகாரிகள் அகற்ற, ஏப்ரல் 5இல் அது மோதலாக வெடித்தது. 2020இல் கொரோனாவில் இறந்தவர்களுக்காக நாடு முழுவதும் மூன்று நிமிடம் மௌனமாக நின்றதும் ச்சிங்மிங் நாளான ஏப்ரல் 4இல்தான்.

நடு இலையுதிர்காலத் திருவிழா எட்டாம் மாதப் பௌர்ணமி, மூன்கேக்கும் நிலவும். இதில் ஹாங்காங் செய்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே பொது விடுமுறை பௌர்ணமி நாளுக்குக் கிடையாது, அதற்கு மறுநாளுக்கு. குழந்தைகள் விளக்கேந்தி நிலவு பார்த்துக்கொண்டு நள்ளிரவு வரை விழித்திருப்பார்கள், காலையில் தூங்கட்டும் என்ற கணக்கு. விழாவைக் கொண்டாடத் தெரிந்தவர்கள் போட்ட விடுமுறை அது.

இப்போது ‘தியாவ்ஷியு’ விஷயத்துக்கு வருவோம். சீன நண்பர்கள் யாராவது இருந்தால் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும். முன்பின் சனி ஞாயிறுகளில் வேலை செய்து, அந்த ஓய்வை விழாவோடு ஒட்டி நீளமாக்கும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு: 2024இல் தீபாவளி வியாழக்கிழமை வந்தபோது, மறுநாள் வெள்ளியையும் விடுமுறையாக அறிவித்து, நவம்பர் 9 சனிக்கிழமை வேலைநாள் என்றது மாநில அரசு. நமக்கு அது எப்போதாவது நடப்பது. அங்கே ஆண்டு முழுக்க நடக்கிறது. அதே 2024 செப்டம்பர், அக்டோபரில் ஒரு சீன ஊழியரின் நாட்காட்டி இப்படி ஓடியது: 6 நாள் வேலை, 3 நாள் விடுமுறை, 3 நாள் வேலை, 2 நாள் ஓய்வு, 5 நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு, 2 நாள் வேலை, 7 நாள் விடுமுறை, மறுபடி 5 நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. இணையத்தில் இதை ஒரு மந்திரம் மாதிரி எழுதிப் பரப்பினார்கள். இன்றைக்கு வேலையா லீவா என்று காலையில் எழுந்து பார்க்க வேண்டிய நிலைமையில் உடம்புக்கு என்ன ஓய்வு கிடைக்கும்?

அரசை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. ஊர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு 3 நாள் விடுமுறை போய் வரவே போதாது. சேர்ந்தாற்போல ஒரு வாரம் கிடைத்தால்தான் அவர் அம்மாவைப் பார்க்க முடியும். அதே ஊரில் பெற்றோரோடு வாழ்பவருக்கு இந்த இடமாற்றம் தொல்லைதான். உண்மையான தீர்வு சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு. 2008 முதல் அதற்குச் சட்டமும் இருக்கிறது: 10 ஆண்டு வேலை அனுபவம் வரை 5 நாள், 20 ஆண்டு வரை 10 நாள், அதற்கு மேல் 15 நாள். ஆனால் சிறிய தனியார் நிறுவனங்களில் அதைத் தைரியமாகக் கேட்டு வாங்குவது லேசில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை என்று அரசு சொன்னால்தான் முதலாளி கதவைச் சாத்துகிறார்.

‘பெரிய முப்பது’ பட்டியலில் வந்து போனதற்குக் காரணமும் இந்த எண்ணிக்கைச் சிக்கனம்தான். 2024 வரை வசந்த விழாவுக்குச் சட்டம் கொடுத்தது 3 நாள்தான். 2008இல் அதை ஒரு நாள் முன்னே தள்ளி, பெரிய முப்பது, முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆக்கினார்கள். மூன்றாம் நாள் போயிற்று. 2014இல் திரும்பப் பின்னே தள்ளி, முதல் மூன்று நாள் என்றார்கள். பெரிய முப்பது போயிற்று. அந்த ஆண்டு ஜனவரி 30 வியாழக்கிழமை முழு வேலைநாளாக இருந்ததை மக்கள் மன்னிக்கவில்லை. 2015 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் தியாவ்ஷியு மூலம் அந்த நாளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். 2024இல் அதுவும் நடக்கவில்லை, அதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன வெள்ளிக்கிழமை.

உள்ளே இழுத்துப் போட்டாலும் ஒரு குறை இருந்தது. சீனத் தொழிலாளர் சட்டப்படி, சட்டபூர்வ விழா நாளில் வேலை வாங்கினால் மும்மடங்கு கூலி. இடம் மாற்றிய ஓய்வு நாளில் இரு மடங்கு, அல்லது பதிலுக்கு வேறு நாள் ஓய்வு. பட்டியலில் பெயர் இல்லாத வரை, பெரிய முப்பது இரவில் வேலை செய்பவருக்கு மும்மடங்கு கிடையாது. இப்போதெல்லாம் நகரங்களில் நிறையக் குடும்பங்கள் அந்த இரவுச் சாப்பாட்டை உணவகத்தில் மேசை பதிவு செய்து சாப்பிடுகின்றன. அப்படியென்றால் அந்த நேரத்தில் சமையலறையில் நிற்பவர், தட்டு எடுத்து வைப்பவர் எல்லாம் தம் வீட்டு மேசையை விட்டு வந்தவர்கள். ஒரு நாள் பட்டியலில் இருப்பதா இல்லையா என்பதில் அதிகம் இழப்பவர்கள் இவர்கள்தான்.

2024 நவம்பரில் அறிவித்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 11 நாள் 13 ஆனது. கூடிய இரண்டில் ஒன்று மே 2, இன்னொன்று பெரிய முப்பது. விடுமுறைக்கு முன்னும் பின்னும் தொடர்ச்சியாக 6 நாளுக்கு மேல் பொதுவாக வேலை வாங்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள். 2026ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 17 செவ்வாய் புத்தாண்டு. சட்டப்படி 16 முதல் 19 வரை 4 நாள். முன்னால் ஒரு ஞாயிறு, பின்னால் சனியும் ஞாயிறும். நடுவில் விடுபடும் 20 வெள்ளியையும் 23 திங்களையும் அடைக்க, பிப்ரவரி 14, 28 ஆகிய இரு சனிக்கிழமைகளில் வேலை. ஆக 15 முதல் 23 வரை 9 நாள் விடுமுறை.

அந்த விடுமுறையை ஒட்டி நடக்கும் பயணத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. புத்தாண்டுக்கு 15 நாள் முன்பு தொடங்கி 25 நாள் பின்பு வரை, 40 நாளைக்கு ‘ச்சுன்யுன்’ என்று தனிப் போக்குவரத்துக் காலமே உண்டு. 2025இல் சொந்தக் கார்களையும் சேர்த்து 900 கோடிப் பயணங்கள் என்று அரசு கணக்கிட்டது. கிராமத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் சுமார் 30 கோடிப் பேர். குடியிருப்புப் பதிவு ஊரில் இருப்பதால் பலரால் பிள்ளைகளை நகரத்துப் பள்ளியில் சேர்க்க முடிவதில்லை. பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளர்கிறது. அந்தப் பிள்ளை அப்பாவைப் பார்ப்பது ஆண்டில் இந்த ஒரு முறையாகவே இருக்கலாம். ‘காசு இருக்கோ இல்லையோ, புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போ’ என்பது அங்கே எல்லோர் வாயிலும் வரும் பழமொழி. சீனாவிலிருந்து உதிரிபாகமும் துணியும் வரவழைக்கும் நம் ஊர் வியாபாரிகள், ஜனவரிக்குள் சரக்கு கப்பலேற வேண்டும் என்று பறப்பதும் இதனால்தான். ஆலைக்காரர்கள் விடுமுறைக்கு முன்பே கிளம்பி, தாமதமாகத்தான் திரும்புவார்கள்.

பட்டியலுக்குள் வராத விழாக்களும் நிறைய. முதல் மாதப் பௌர்ணமியில் வரும் விளக்குத் திருவிழாவோடுதான் புத்தாண்டுக் கொண்டாட்டம் முடிகிறது. அதற்கு விடுமுறை இல்லை. முதியோரைப் போற்றும் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளுக்கும் இல்லை. மகளிர் நாளில் பெண்களுக்கு மட்டும் அரை நாள் உண்டு. குவாங்ஷி மாநிலத்தில் ட்ஜுவாங் மக்களின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் விழா, சின்ஜியாங்கில் ரம்ஜான், பக்ரீத் பெருநாள்கள், திபெத்தில் அவர்களின் புத்தாண்டான லோசார் என்று சிறுபான்மை மக்கள் விழாக்களுக்கு அந்தந்தப் பகுதி அரசுகள் தனியே விடுமுறை தருகின்றன.

வெடிச் சத்தமும் குறைந்துகொண்டே வருகிறது. நம் பேச்சிலேயே ‘சீனவெடி’ என்று ஊர்ப் பெயரோடு நிற்கும் பொருளை, பெய்ஜிங் 1993இல் நகருக்குள் தடை செய்து, 2005இல் தளர்த்தி, 2022இல் மாநகரம் முழுவதும் தடுத்துவிட்டது. சிங்கப்பூர், மலேசியாவில் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் பொது விடுமுறை. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த நாளில் பக்கத்து வீட்டு ஆண்ட்டி தரும் ‘அங் பாவ்’ உறை பழகிப்போன சந்தோஷம். அந்த வழக்கம் நகர்ந்து, தீபாவளிக்கும் பிள்ளைகளுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பது இரண்டு நாட்டுத் தமிழ் வீடுகளிலும் வேரூன்றிவிட்டது.

பெரிய முப்பதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 முதல் 2029 வரை ஐந்து ஆண்டுகளும் பழைய பஞ்சாங்கத்தின் கடைசி மாதத்துக்கு 29 நாள்தான். முப்பதாம் நாளே இல்லை. சட்டம் அந்த நாளைத் திருப்பிக் கொடுத்த ஆண்டிலிருந்தே சந்திரன் அதை எடுத்துக்கொண்டது. ஆனாலும் 29ஆம் நாள் இரவை மக்கள் ‘பெரிய முப்பது’ என்றே அழைக்கிறார்கள்; மாவு பிசைகிறார்கள், மீனில் கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்கள். உண்மையான முப்பதாம் நாள் அடுத்து வருவது 2030 பிப்ரவரி 2, சனிக்கிழமை.